முற்றத்துக்கு என்ன போடுற? மணலிலிருந்து இன்டர்லொக் வரை ஒரு வரலாறு

வீடு கட்டுற ஆக்களைக் கவனிச்சுப் பாருங்க. அத்திவாரத்துக்கு ஒரு மாசம் யோசிப்பாங்க. கூரை ஓடா, சீற்றா, கொங்கிறீட்டா எண்டு குடும்பமே கூடிப் பேசும். மாபிள் பதிக்கிறதுக்குக் கடைகடையா ஏறி இறங்குவாங்க. எல்லாம் முடிஞ்சு, கையில கிடக்கிற காசும் முடியிற நேரத்தில மேசன் ஒரு கேள்வி கேட்பார்: "முன்னுக்கு என்ன போடுற?"

இப்ப அந்தக் கேள்விக்கு எங்கட ஊருகளில் அனேகமா ஒரே பதில்தான்: "இன்டர்லொக் போட்டு உடுங்க." நாவிதன்வெளியில் இருந்து கிட்டங்கியைத் தாண்டிக் கல்முனைக்கு வந்தாலும், மருதமுனைக்குள்ளால சாய்ந்தமருதுக்குப் போனாலும், புதுசா எழும்பின வீடுகளின் முன்பக்கம் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் இருக்கு. மதில், கேற், கேற்றிலிருந்து வாசல்படி வரைக்கும் சிவப்பும் சாம்பலுமாக் கல்லு. மழைத்துளி மண்ணில விழ ஒரு சாண் இடம் இல்ல.

இது அழகு பற்றின கதையா மட்டும் இருந்தா, அவங்கவங்க விருப்பம் எண்டு விட்டுடலாம். ஆனா முற்றத்துத் தரைக்குப் பின்னால நிலம் யாருடையது, கிணத்துக்குத் தண்ணி எங்கிருந்து வருது, வெள்ளம் யாருடைய வாசலுக்குப் போகுது, தினமும் குனிஞ்சு கூட்டினது யார் எண்ட கேள்விகள் இருக்கு. எங்கட முற்றங்கள் மணலில் தொடங்கிக் கல்லில் முடிஞ்ச கதையைப் பார்த்தா அது விளங்கும்.

முன்றிலும் பாத்தியோவும்

பள்ளிக்கூடத்தில 'முன்றில்' எண்ட சொல்லைப் படிச்சிருப்பீங்க. 'இல்முன்' எண்டு வரவேண்டியது முன்பின்னா மாறி 'முன்றில்' ஆனது எண்டு இலக்கண ஆசிரியர் சொல்லித் தந்திருப்பார். வீட்டுக்கு முன்னால இருக்கிற திறந்த இடத்துக்குத் தனிப்பெயர் வைக்கும் அளவுக்கு அது முக்கியமா இருந்திருக்கு. அகநானூற்றின் 86வது பாட்டு ஒரு கல்யாண வீட்டைக் காட்டுது. அங்க பந்தல் போட்டவங்க, வேற இடத்திலிருந்து கொண்டுவந்த மணலைப் பந்தலுக்குக் கீழ பரப்பியிருக்கிறாங்க. நல்ல காரியத்துக்குப் புது மணல் போடுற பழக்கத்துக்கு அவ்வளவு வயசு.

இண்டைக்கு வீட்டு அலங்காரக் காணொளிகளில் எல்லாரும் சொல்ற 'பாத்தியோ' ஸ்பானிய மொழிச் சொல். அந்தச் சொல்லுக்குப் பின்னால அந்தலூசிய முஸ்லிம்களின் வரலாறும் இருக்கு. முதலாம் அப்துர் ரஹ்மான் 785 அளவில் கட்டத் தொடங்கிய குர்துபா பெரிய பள்ளிவாசலின் முன்னால ஒரு திறந்த முற்றம் இருக்கு. இப்ப அதுக்கு 'தோடை மரங்களின் முற்றம்' எண்டு பெயர். கல்லுப் பதிச்ச தரைதான். ஆனா ஒவ்வொரு மரத்தைச் சுத்தியும் மண்ணைத் திறந்து விட்டு, மரத்துக்கு மரம் தண்ணி போக வாய்க்காலும் வெட்டியிருக்கிறாங்க. குர்துபா நகரத்து வீடுகளிலயும் நடுவில முற்றம், கூழாங்கல் பதிச்ச தரை, சுவர் நிறையப் பூச்சாடி. வெயில் கொளுத்துற ஊரில் வீட்டைக் குளிர வைக்கக் கண்டுபிடிச்ச வழி அது. வருசா வருசம் அங்க நடக்கிற முற்றத் திருவிழாவை 2012ல் யுனெஸ்கோ மானுடப் பண்பாட்டு மரபாப் பதிவு செஞ்சது.

அப்ப, முற்றத்தில கல்லுப் பதிக்கிறதே பிழை எண்டு சொல்ல வரல. கல்லு எங்க போடணும், மண்ணை எங்க விடணும் எண்டு தெரிஞ்சு செஞ்ச ஆக்களும் இருந்திருக்கிறாங்க.

கரையோரத்து மணல் முற்றம்

கல்முனைக் கரையோரம் ஒரு மணல் திட்டு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பும் வயலும். இந்த ஒடுங்கிய திட்டிலதான் ஊருக்குமேல ஊரா நெருங்கி வாழ்றோம். இங்க ஆதியில முற்றத்துக்கு 'என்ன போடுற' எண்ட கேள்வியே இல்ல. மணல் ஏற்கனவே கிடந்தது. அதை வெள்ளையா வச்சிருக்கிறதுதான் வேலை.

விடியச் சுபஹு முடிஞ்ச கையோட ஈர்க்குக்கட்டுச் சத்தம் கேட்கும். கூட்டின மணலில் விசிறி விசிறியாக் கோடு கிடக்கும். "முத்தம் கூட்டாத ஊட்டுல பரக்கத்து இரிக்காது" எண்டு மூத்தம்மாமார் சொல்லுவாங்க. நோன்பு வருதெண்டா, பெருநாள் வருதெண்டா, வீட்டில கல்யாணம் எண்டா, பழைய மணலை ஒதுக்கிப் புது மணல் கொட்டுவாங்க. தமிழ் ஊருகளில் அதே வேலை சித்திரைக்கும் தைக்கும் நடக்கும். அந்த மணலில பந்தல்கால் நட்டாங்க, பாய் விரிச்சாங்க, சோறு சகன்கள் வச்சாங்க, மையித்து வீட்டுக்கு வந்தவங்களை இருத்தினாங்க. அவிச்ச நெல்லுக் காய்ஞ்சதும், மீன் காய்ஞ்சதும், மருதமுனையில சாயம் போட்ட நூல் காய்ஞ்சதும் வீட்டு வளவிலதான். இப்ப அறுவடைக் காலத்தில பிரதான வீதியோரமா நெல்லுப் பரப்பிக் கிடக்கிறதைப் பார்க்கிறோம். முற்றம் சுருங்க, நெல்லு தார் றோட்டுக்கு வந்துட்டு.

மணல் முற்றம் இன்னொரு வேலையும் செஞ்சது. யாரும் அதைக் கண்ணால காணல. கடற்கரை மணலுக்குக் கீழ இருக்கிற நல்ல தண்ணி, உப்புத் தண்ணிக்கு மேல மிதக்குது. நல்ல தண்ணியின் எடை குறைவு, கடல்தண்ணியின் எடை கூட. கடல்மட்டத்துக்கு மேல நல்ல தண்ணி 1 மீற்றர் உயரத்துக்கு நிண்டா, கீழ ஏறத்தாழ 40 மீற்றர் ஆழத்துக்கு உப்புத் தண்ணியைத் தள்ளி வைக்கும் எண்டு நிலத்தடிநீர் படிச்சவங்க கணக்குச் சொல்லுவாங்க. அந்த 1 மீற்றர் குறைஞ்சா கீழ இருந்து உப்பு மேல ஏறும். ஆத்துத் தண்ணி வந்து சேராத ஒரு மணல் திட்டில அதை நிரப்பி வச்சிருக்கிறது மழை. அந்த மழை உள்ள போற வாசல்களில் பெரியது, ஒவ்வொரு வீட்டு முற்றமும்தான். முற்றம் தண்ணி குடிச்சாத்தான் கிணத்துக்குத் தண்ணி.

களப்புக்கு அங்கால: நாவிதன்வெளியின் தரை

கிட்டங்கியைத் தாண்டினா மண் மாறுது. இது வயல் நிலம், களிமண். மழைக்குச் சப்பாத்தைப் பிடிச்சு இழுக்கும், கோடைக்கு வெடிச்சுக் கிடக்கும். இங்க மணலைக் கொண்டுவந்து கொட்டினா, இரண்டு மாரிக்குள்ள சேத்தோட சேர்ந்துடும்.

அண்ணாமலை, சொறிக்கல்முனை மாதிரி ஊருகளோட, 4ம் கொலனி, 7ம் கொலனி, 12ம் கொலனி, மத்திய முகாம் எண்டு இலக்கத்தாலயும் 'முகாம்' எண்ட சொல்லாலயும் அறியப்படுற இடங்களும் இந்தப் பிரதேசத்தில இருக்கு. அந்தப் பெயர்களே ஒரு வரலாறு. 1949ல் கல்லோயா அபிவிருத்திச் சபை உருவாகி, அமெரிக்காவின் மொரிசன் நட்சன் கம்பனி இங்கினியாகலையில் அணை கட்டத் தொடங்கியது. பட்டிப்பளை ஆறு மறிக்கப்பட்டுச் சேனநாயக்க சமுத்திரம் ஆச்சு. அணைக்குக் கீழ குடியேற்றங்கள் இலக்கம் போட்டு உருவாச்சு. மேற்பகுதியில பெரும்பாலும் வெளி மாவட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட சிங்களக் குடும்பங்கள், கீழ்ப்பகுதியில கரையோரத்திலிருந்து போன முஸ்லிம், தமிழ்க் குடும்பங்கள். இந்தக் குடியேற்றம் கிழக்கின் சனத்தொகையையும் அரசியலையும் மாத்தினது பெரிய கதை. 1956ல் கல்லோயாவில் நடந்த இனக் கலவரமும், 1961ல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமாப் பிரிஞ்சதும் அந்தக் கதையின் பகுதிகள்.

எங்கட முற்றத்துக் கதையில அது இன்னொரு விதமா வருது. மணலில பிறந்து வளர்ந்த ஆக்கள் களியில வீடு கட்ட வேண்டி வந்தது. ஒரு மாரி போனதும் விளங்கியிருக்கும், இங்க கரையோரத்து முற்றம் சரிவராது எண்டு. இங்க கைகொடுத்தது கிறவல். வாய்க்கால் கட்டும், வீதியும் கிறவலில் போட்டாங்க. வீட்டு முற்றத்துக்கும் அதே கிறவல் வந்தது. சிவப்பா இருக்கும், இறுகும், சேறாகாது. வீட்டைச் சுத்தி மண்ணை மேடாக்கி, தண்ணியை வாய்க்காலுக்கு வழிச்சு விட்டு, நடுவில மாவும் தென்னையும் வச்சாங்க. கரையோரத்தில மணல் தண்ணியைக் கீழ இறக்கினது. இங்க சரிவு தண்ணியைப் பக்கத்தால அனுப்பினது. இரண்டு மண், இரண்டு புத்தி. முற்றத்துக்கு எல்லா ஊருக்கும் பொதுவா ஒரு சாமான் இல்ல எண்டதை இந்த ஒரு பிரதேசமே காட்டுது.

சுண்ணாம்பு போய்ச் சீமெந்து வந்தது

சீமெந்துக்கு முன்னால சுண்ணாம்பு. போர்ட்லண்ட் சீமெந்துக்கு இங்கிலாந்தில் ஜோசப் அஸ்ப்டின் 1824ல் காப்புரிமை எடுத்தார். ஆனா எங்கட கரையோரத்தில அதுக்குப் பிறகும் நெடுங்காலம் சுவரும் தரையும் சுண்ணாம்புச் சாந்துதான். அந்தச் சுண்ணாம்பு பெரும்பாலும் கடலில இருந்து வந்தது. சிப்பியையும் பவளப்பாறையையும் சூளையில சுட்டாங்க. கிழக்கில் கல்குடாப் பக்கத்துப் பவளப்பாறைகள் இப்படி நிறைய அழிஞ்சது. 1981ல் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1988ல் வந்த திருத்தம் கரையோர வலயத்தில பவளப்பாறை தோண்டுறதையும் சுண்ணாம்புச் சூளை வைக்கிறதையும் தடுத்தது. கடலை அரண் மாதிரிக் காத்த பாறையைச் சுட்டுத்தான் வீடு கட்டினோம் எண்டது பழைய காலத்தைப் புகழும்போது மறந்துடக்கூடாத விசயம்.

இதுக்கிடையில 1950ல் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. யுத்தத்தால 1990ல் அது நிக்கும் வரைக்கும், சீமெந்து எண்டா பெரும்பாலும் அந்தப் பெயர்தான். பிறகு புத்தளம், பிறகு இறக்குமதி. புளொக்கல் வீடு பெருகினது. கிடுகு வேலி போய் மதில் வந்தது. வீட்டுக்குள்ள சீமெந்துத் தரை, பிறகு விறாந்தை, பிறகு கிணத்தடி, கடைசியா முற்றம்.

இதைப் பெருமைக்குச் செஞ்சாங்க எண்டு மட்டும் சொல்லிட்டுப் போறது நியாயமில்ல. மணல் முற்றத்தின் அழகைப் பற்றிக் கவிதையாப் பேசுற ஆக்களில் அதைக் கூட்டினவங்க குறைவு. காலையும் பின்னேரமும், சூல் வயித்தோடயும் முதுகு வலியோடயும் குனிஞ்சு கூட்டினது பெண்கள். மாரியில சேறு மிதிச்சு வந்த காலடியை வீட்டுக்குள்ள துடைச்சதும் அவங்கதான். நடக்க ஏலாத மூத்தாப்பாவுக்கு மணலில கம்பு ஊன்றுறது கஷ்டம். சக்கர நாற்காலி மணலில ஓடாது. சீமெந்துத் தரை வந்தப்போ நிறைய உம்மாமார் சந்தோசப்பட்டாங்க. அந்தச் சந்தோசத்துக்குக் காரணம் இருந்தது. இப்ப நாங்க எதைத் தெரிவு செஞ்சாலும், அந்த முதுகு வலியைத் திருப்பிக் கொண்டுவரக் கூடாது.

வளவு பங்குபட்ட கதை

முற்றம் சுருங்கினதுக்கு இன்னொரு காரணம், எங்கட கல்யாண முறை. கிழக்கில், முஸ்லிம்களிலயும் தமிழர்களிலயும், வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். மூத்த மகளுக்குக் கல்யாணம் எண்டா, பெற்றோர் இருந்த வீட்டையே குடுத்துட்டு, அதே வளவில இன்னொரு வீட்டைக் கட்டி மத்தப் பிள்ளைகளோட அங்க போவாங்க. அடுத்த மகளுக்கு அந்த வீடு. இப்படி ஒரு வளவுக்குள்ள உம்மா, சாச்சி, ராத்தா, தங்கச்சி எண்டு சுத்திவர வீடு. நடுவில பொது முற்றம்.

இந்த முறை பெண்ணுக்கு ஒரு பலத்தைக் குடுத்தது. அவள் நிக்கிற மண் அவளுடையது. வீட்டை விட்டுப் போற நிலை வந்தா, போறது அவள் இல்ல. அதே நேரம் வீடு குடுக்க ஏலாத வாப்பாமாரின் முதுகையும், வெளிநாட்டுக்குப் போய் உழைச்ச உம்மாமாரின் வாழ்க்கையையும் இந்தச் சீதன வீடு முறிச்சது. இரண்டும் உண்மை. முற்றத்தின் கணக்குப்படி பார்த்தா, ஒவ்வொரு கல்யாணமும் வளவிலிருந்து ஒரு வீட்டளவு மண்ணை எடுத்தது. மூண்டு தலைமுறைக்குள்ள வளவு காணியாகி, காணி பேர்ச் கணக்காகி, பொது முற்றத்துக்கு நடுவால மதில் எழும்பினது. பெண்கள் பர்தா இல்லாம, பக்கத்து வீட்டாரோட ஒண்டா இருந்து கதைக்கிற இடம் அதோட போச்சு.

2004 மார்கழி 26

சுனாமி இலங்கையிலேயே அதிகம் பேரைக் கொண்டுபோனது அம்பாறை மாவட்டத்தில். 10,000 பேருக்கு மேல். மருதமுனையிலிருந்து காரைதீவு வரைக்கும் கரையோர வீடுகள் அத்திவாரம் மட்டும் மிஞ்சிக் கிடந்தது. அந்த இழப்பை ஒரு முற்றத்துக் கதைக்குள்ள அடக்க ஏலாது. ஆனா அதுக்குப் பிறகு நடந்த இரண்டு விசயம் இந்தக் கதைக்குத் தேவை.

முதலாவது, கிணறு. கடல்தண்ணி புகுந்து கிழக்குக் கரை முழுக்கக் கிணறுகள் உப்பாச்சு. நல்ல மனசோட வந்த ஆக்கள் இயந்திரம் வச்சுத் திரும்பத் திரும்ப இறைச்சாங்க. சில இடங்களில அது கீழ இருந்த உப்பை மேல இழுத்தது. அளவுக்கு மேல இறைக்காதீங்க எண்டு பிறகு நிபுணர்கள் எச்சரிச்சாங்க. கடைசியில உப்பைக் கழுவி இறக்கினது மழைதான். மாரி பெய்யப் பெய்ய, மணலுக்குள்ளால தண்ணி இறங்கி இறங்கி, மெதுமெதுவாக் கிணறு திரும்பினது. அண்டைக்கு இந்த முற்றங்கள் எல்லாம் கல்லால மூடிக் கிடந்திருந்தா, அந்தத் திரும்பி வரவு இன்னும் எத்தனை மாரி பிந்தியிருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்க.

இரண்டாவது, வீடு. புது வீடு குடுக்கும்போது 'குடும்பத் தலைவர்' எண்டு ஆம்பிளையின் பெயரில உறுதி எழுதப்பட்ட இடங்கள் இருந்தது. தாயிடமிருந்து மகளுக்கு வந்த நிலம், அலை ஒண்டு அடிச்சதும் காகிதத்தில கை மாறினது. பெண்கள் அமைப்புகள் இதைக் கேள்வி கேட்டாங்க. மாடி வீட்டுத் தொகுதிகளில் போன குடும்பங்களுக்கு முற்றமே இல்லாமப் போனது. படிக்கட்டின் முன்னால ஒரு சின்ன இடம். அங்க நெல்லுக் காயாது, பந்தல்கால் நட ஏலாது.

ஒல்லாந்திலிருந்து வந்த கல்லு

யுத்தம் முடிஞ்ச பிறகு ஒழுங்கைகள் கொங்கிறீட்டும் கல்லுமா மாறினது. வீட்டு முற்றங்களும் பின்னாலயே போனது. இப்ப நாங்க 'இன்டர்லொக்' எண்டு சொல்ற கொங்கிறீட் கல்லுத் தளம் பெருகினது ஒல்லாந்தில். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு உடைஞ்ச வீடுகளைக் கட்டச் செங்கல் தேவைப்பட்டது. வீதிக்குப் போடச் செங்கல் தட்டுப்பாடு. அதனால கொங்கிறீட்டில் கல்லு வார்த்து, செங்கல் மாதிரியே மணலுக்கு மேல அடுக்கினாங்க. சாந்து பூசாம, மணலில அடுக்கினதுக்குக் காரணம் இருக்கு. அங்க நிலம் தாழும். தாழ்ந்தா கல்லைக் கழற்றி, மணலை நிரப்பி, அதே கல்லைத் திரும்ப அடுக்கலாம். கழற்றித் திரும்பப் போடலாம் எண்டதுதான் அந்தக் கல்லின் முழு அறிவும்.

எங்கட ஊரில அந்த அறிவு பாதி வழியில தவறிப் போச்சு. நிறைய இடத்தில கீழ கொங்கிறீட்டைப் போட்டு, மேல கல்லைச் சாந்தால ஒட்டிடுறாங்க. பிறகு அது கழற்றவும் ஏலாது, தண்ணி இறங்கவும் ஏலாது. கல்லு வடிவில ஒரு சீமெந்துத் தரை.

இன்னொரு பகிடி பாருங்க. கல்லைப் பரப்பின ஒல்லாந்திலேயே இப்ப கல்லைக் கழற்றுற போட்டி நடக்குது. 2020ல் அம்ஸ்ரர்டாமும் ரொட்டர்டாமும் யார் கூடுதலாக் கல்லைத் தோண்டி எடுத்து அந்த இடத்தில செடி வைக்கிறது எண்டு போட்டி போட்டாங்க. அடுத்த வருசத்திலிருந்து அது நாடு முழுக்கப் பரவினது. வருசா வருசம் இலட்சக் கணக்கில வீட்டு முற்றத்துக் கல்லு கழறுது. காரணம் நமக்கும் பழக்கமானது: மழை வெள்ளமும் வெக்கையும்.

நம்மட பக்கம் கணக்கைப் பார்ப்போம். 10 பேர்ச் காணி எண்டா ஏறத்தாழ 253 சதுர மீற்றர். வீடு போக, 100 சதுர மீற்றருக்குக் கல்லுப் போட்டாச்சு எண்டு வைங்க. அடைமழை நாளொண்டில 100 மில்லிமீற்றர் பெஞ்சா, அந்தக் கல்லுக்கு மேல மட்டும் விழுற தண்ணி 10,000 லீற்றர். கூரைக்கு மேல வைக்கிற 1,000 லீற்றர் தாங்கியில 10 தாங்கி. ஒரு வீட்டுக்கு, ஒரு நாளைக்கு. அது கேற்றுக்குக் கீழால ஒழுங்கைக்குப் போகும். ஒழுங்கையும் கொங்கிறீட். அது தாழ்ந்த வீட்டுக்குள்ள போகும். அந்த வீட்டுக்காரர் அடுத்த வருசம் மண்ணடிச்சு உயர்த்துவார். பிறகு அவருக்குப் பக்கத்து வீடு பள்ளம். ஒழுங்கை திருத்தும்போது இன்னும் அரை அடி உயரும். இப்படி ஒவ்வொரு மாரிக்கும் ஊரே ஆளுக்காள் போட்டி போட்டு உயருது. கடைசியில தண்ணி தங்குறது, உயர்த்தக் காசில்லாத வீட்டில.

அப்ப என்னதான் போடுறது?

பழைய மாதிரிக் கடற்கரையில போய் மணல் அள்ளிட்டு வரலாம் எண்டு சொல்ல ஏலாது. ஒலுவில் துறைமுகம் கட்டின பிறகு ஒலுவில், நிந்தவூர்க் கரையைக் கடல் தின்னுறதை எல்லாரும் கண்டுட்டோம். கரைக்கு இப்ப ஒவ்வொரு மணலும் தேவை. ஆத்து மணல் அள்ளவும் அனுமதி வேணும். மணலும் இப்ப கணக்குப் பார்த்துப் பாவிக்க வேண்டிய சாமான்.

ஆனா மணல் முற்றத்தின் புத்தியை எடுக்கலாம். அதாவது தண்ணி இறங்கணும், தேவைப்பட்டாத் தரையைக் கழற்றித் திரும்பப் போடணும். இந்த இரண்டையும் வச்சுக்கொண்டு தெரிவு செஞ்சாப் போதும்.

கரையோரத்து மணல் காணி எண்டா: முழு முற்றத்தையும் மூடாதீங்க. வாகனம் வருதெண்டா, சில்லு ஓடுற இரண்டு பட்டைக்கு மட்டும் கல்லுப் போடுங்க. கேற்றிலிருந்து வாசலுக்கும் கிணத்தடிக்கும் ஒரு நடைபாதை. மூத்தாப்பாவின் கம்பும் சக்கர நாற்காலியும் அதில போகும். இருந்து கதைக்க, மரத்துக்குக் கீழ ஒரு சதுரம். அதுக்குப் புதுக் கல்லே தேவையில்ல. பழைய வீட்டை உடைச்ச செங்கல்லை மணலில அடுக்கினா வடிவா இருக்கும். மிச்சம் மண்ணா இருக்கட்டும். புல்லோ, மல்லிகையோ, முருங்கையோ, சின்னச் சல்லியோ போடுங்க. கூட்டுற வேலையும் பாதியாக் குறையும்.

கல்லுப் போடுற இடத்தில, இறுக்கின அடித்தளத்துக்கு மேல மணல் படுக்கை, அதுக்கு மேல கல்லு. இடைவெளிக்கு மணல் அல்லது பொடிச் சல்லி, சாந்து வேண்டாம். ஓரத்துக்கு மட்டும் ஒரு கட்டு, இல்லாட்டிக் கல்லு விலகும். நடக்கிற இடத்துக்கு 60 மில்லிமீற்றர் கல்லு காணும், வாகனத்துக்கு 80. வீட்டுச் சுவரிலிருந்து வெளியால மீற்றருக்கு 2 சென்ரிமீற்றர் சரிவு. சரிவு முடியிற இடம் ஒழுங்கையா இருக்கக் கூடாது. மரத்தடியாவோ பூப்பாத்தியாவோ இருக்கட்டும். மரத்தைச் சுத்தி ஒரு மீற்றராவது திறந்து விடுங்க. குர்துபாவில அதைத்தான் செஞ்சாங்க.

நாவிதன்வெளிக் களிக் காணி எண்டா: தண்ணி கீழ இறங்கும் எண்டு நம்பாதீங்க. இங்க கிறவல்தான் இன்னும் ராசா. கிறவலைத் தட்டுத் தட்டாப் போட்டு இறுக்கி, சரிவு வச்சு, காணி ஓரமா ஒரு வாய்க்கால் விடுங்க. அந்த வாய்க்காலை மூடி மதில் கட்டாதீங்க. பக்கத்து வீட்டை விட உயர்த்தணும் எண்டா, முதல்ல பக்கத்து வீட்டாரோட கதையுங்க. நடைபாதைக்குக் கீழ சல்லிப் படுக்கை கொஞ்சம் தடிப்பா இருக்கட்டும். களி வெடிச்சு ஏறி இறங்கும்போது கல்லைக் கழற்றி அடுக்கலாம். இந்த விசயத்தில எங்கட களியும் ஒல்லாந்து மண்ணும் ஒண்டுதான்.

கொழும்பில ஜெஃப்ரி பாவா 1962ல் ஏனா டி சில்வாவுக்குக் கட்டிக் குடுத்த வீடு நவீன இலங்கைக் கட்டடக்கலையில பெரிய பெயர் எடுத்தது. அந்த வீட்டின் நடுவில ஒரு முற்றம், ஒரு மரம், சுத்திவர விறாந்தை. பிறகு அந்தக் காணி கைமாறினப்போ, வீட்டை இடிக்க விடாம, ஓடு, தூண், முற்றத்துக் கல்லு எல்லாத்துக்கும் இலக்கம் போட்டுக் கழற்றி, பெந்தோட்டைக்குக் கிட்ட லுணுகங்கையில திரும்பக் கட்டினாங்க. கழற்றித் திரும்ப அடுக்கலாம் எண்ட புத்தி அங்கயும் இருந்திருக்கு. பணக்கார ஹோட்டல்கள் இண்டைக்கு முற்றத்தைக் காட்டி விருந்தாளிகளைக் கூப்பிடுது. நாங்க அதே முற்றத்தைப் பழசு எண்டு மூடிக் கொண்டிருக்கிறோம்.

இதை வாசிக்கிற நீங்க அனேகமா இன்னும் வீடு கட்டல. உங்களுக்கோ உங்கட தங்கச்சிக்கோ இனித்தான் கட்டப் போறீங்க. உறுதி யாருடைய பெயரில எண்டு கேளுங்க. மழைத்தண்ணி எங்க போகும் எண்டு கேளுங்க. யார் கூட்டப் போறது எண்டு கேளுங்க. "முன்னுக்கு என்ன போடுற" எண்டு மேசன் கேக்கிற நேரத்துக்கு முன்னால, அத்திவாரம் போடுற அண்டைக்கே, காணிக்குள்ள எந்தப் பகுதியை மண்ணா விடுறது எண்டு ஒரு கயிறு கட்டி அடையாளம் வச்சுடுங்க. கயிறு கட்டச் செலவு ஒண்டும் இல்ல. கல்லு வாங்குற காசிலயும் பாதி மிஞ்சும்.